குருமனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன போத்தல்

முதுகில வெட்டினால் கால் போயிடும் எண்டு எங்கட பக்கத்தில ஒரு கதை இருக்கு. கிளினிக் வாங்கில முதுகு நோவோட குந்தியிருக்கிற பெண்டுகள் என்னைக் கண்டால் அதைத்தான் கேக்கினம். எனக்குக் கால் போகேல்லை. கொஞ்சம் இழுபடுது, மழை வந்தால் உளையுது, அவ்வளவுதான். ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லிக் களைச்சுப்போய்த்தான் இதை எழுதிறன். வெட்டினது பெரிய விசயமில்லை. வெட்ட விடமாட்டன் எண்டு நான் நிண்டதுதான் பெரிய கதை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

என்ர பேர் பிலோமினா. முல்லைத்தீவுக் கரை. மனிசன் அந்தோனி களப்பில இறால் பிடிக்கிறவர், நான் கருவாடு போடுறனான். ஒருநாள் கருவாட்டுப் பாயை மடிச்சு வைச்சிட்டு வீட்டுக்கு வாறன், பின்னால என்ர மனிசன் ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு வாறார். "இஞ்சாரும், இது ஆற்ற செருப்பு?" எண்டார். குனிஞ்சு பாத்தால் என்ர இடது காலில செருப்பு இல்லை. சுடுமணலில வெறுங்காலோட இவ்வளவு தூரம் வந்திருக்கிறன், சூடும் தெரியேல்லை, செருப்பு கழண்டதும் தெரியேல்லை. அவர் சிரிச்சார். நானும் சிரிச்சன்.

பேந்து முதுகு நோ, காய்ச்சல், கால் மரத்துப் போறது. முல்லைத்தீவில பாத்து, வவுனியாப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒண்டுக்கு அனுப்பினவை. அங்க காத்திருக்கிறதுதான் முதல் வருத்தம். துண்டு எடுக்க ஒரு வரிசை, ரத்தம் குடுக்க ஒரு வரிசை, மறுமொழி வாங்க ஒரு வரிசை. கதிரை கிடைச்சால் எழும்பப் பயம், எழும்பினால் ஆராவது இருந்திடுவினம். என்ர மனிசன் ஒவ்வொரு வரிசையிலயும் எனக்காக நிண்டவர். நிண்ட இடத்தில அவருக்குக் கால் வீங்கினது, அதை எனக்குச் சொல்லவுமில்லை.

டொக்டர் ஒரு இளம் பெடியன். எம்.ஆர்.ஐ. எண்டொரு ஸ்கான் எடுக்கவேணும் எண்டார். அது பெரிய காந்தம். குழாய் மாதிரி இருக்கும், ஆளை உள்ள தள்ளி நரம்பு, சதை எல்லாத்தையும் படம் பிடிக்கும். உள்ள விட முதல் அங்க நிக்கிறவர் கேட்டார்: "அம்மா, உடம்பில உலோகம் ஏதும் இருக்கோ? இரும்பு, தகடு, ஆணி?"

நான் தாலிக்கொடியைக் கழட்டினன், மோதிரத்தைக் கழட்டினன், கழுத்தில கிடந்த மாதா பதக்கத்தைக் கழட்டினன், கொண்டை ஊசி ஒண்டொண்டாய் உருவி எல்லாத்தையும் மனிசன்ர லேஞ்சியில முடிஞ்சு குடுத்தன். "ஒண்டும் இல்லை ஐயா" எண்டன்.

படுக்கையில ஏறேக்க சட்டை கொஞ்சம் விலகினது. என்ர விலாவில கிடந்த தழும்பை அவர் கண்டிட்டார். "இது என்ன?"

"அது செல்லடியில பட்டது. செல் வெடிச்சுச் சிதறின பீஸ் உள்ளதான் கிடக்கு."

ஸ்கான்காரர் உடன என்ர கையைப் பிடிச்சு இறக்கி வெளியில கொண்டுவந்து இருத்திப்போட்டுத்தான் கதைச்சார். இரும்பு நரம்புக்குப் பக்கத்தில கிடந்தால் காந்தம் அதை இழுக்குமாம், இழுக்கிற வழியில நரம்பைக் கிழிக்குமாம். "ஏனம்மா சொல்லேல்லை? உங்களை உள்ள தள்ளியிருந்தால்?" எண்டு ஏசினார். ஒளிக்கேல்லை நான். எங்கட பக்கத்தில பாதிச் சனத்துக்கு உடம்பில பீஸ் கிடக்கு, அதை ஆரும் வருத்தமெண்டு சொல்லுறேல்லை. அதோட, என்ர உடம்பில கிடந்ததை நான் ஒருநாளும் இரும்பு எண்டு நினைக்கேல்லை.

அதுக்குப் பதிலாய் சீ.ரீ. ஸ்கான் எடுத்தவை. பேக்கரிப் பாணைத் துண்டு துண்டாய் வெட்டி உள்ளுக்குள்ள பாக்கிற மாதிரி எக்ஸ்றேயால உடம்பைப் பாக்கிறது. படத்தைப் பிடிச்சுக்கொண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். பீஸைச் சுத்தி உடம்பு ஒரு பை மாதிரிக் கட்டி இவ்வளவு காலமும் அதைச் சும்மா வைச்சிருந்ததாம். இப்ப அந்தப் பைக்குள்ள சீழ் பிடிச்சு, காலுக்குப் போற நரம்பை நெரிக்குதாம். மருந்து ஏத்தினால் சீழ் வத்தும், பீஸ் கிடக்குமட்டும் திரும்பவும் வரும். வெட்டி எடுக்கிறதுதான் வழி. வெட்டுறதிலயும் ஆபத்து இருக்கு, வெட்டாட்டில் கட்டாயம் கால் போகும்.

"எடுக்க வேண்டாம்" எண்டன்.

டொக்டர் என்ர மனிசனைப் பாத்தார். என்ர மனிசன் நிலத்தைப் பாத்தார். அவருக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தவள். ஜெனி. ஏழு வயசு. சண்டையின்ர கடைசி வருசம் ஊர் ஊராய் ஓடி, விசுவமடுவுக்கு அங்கால ஒரு பழைய குருமனைத் தோட்டத்தில மரத்துக்குக் கீழ தறப்பாள் கட்டி இருந்தனாங்கள். குருமனை எண்டால் மாதா கோயில் சுவாமிமார் இருக்கிற வீடு. வெள்ளைக்காரச் சுவாமிமார் கட்டினது, சுவர் ஒரு முழத்துக்கு மேல தடிப்பு. நான் ஜெனியை மடியில இருத்திப் பேன் பாத்துக்கொண்டிருந்தனான். செல் விழுந்தது. அந்தப் பீஸ் அவளுக்குள்ளால வந்துதான் எனக்குள்ள போனது. எனக்கு நினைவு தப்பிப் போச்சு, ஆரோ தூக்கிக்கொண்டு போயிட்டினம். பிள்ளையை என்ர மனிசனும் சுவாமியும் அந்தத் தோட்டத்திலயே குழி வெட்டித் தாட்டவை.

பிறகு ஊருக்குத் திரும்ப விட்டவுடன போய்ப் பாத்தனாங்கள். மரங்கள் எரிஞ்சு, மதில் விழுந்து, கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் கிண்டி மட்டப்படுத்தி, எந்த இடமெண்டு அவருக்கே தெரியேல்லை. அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகேல்லை. கார்த்திகையில ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் சேமக்காலையில தங்கட ஆக்களின்ர கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போவினம், நான் வீட்டில இருப்பன். எனக்குச் சேமக்காலை என்ர முதுகுக்குள்ள. அவளைத் தொட்ட சாமான் உலகத்தில அது ஒண்டுதான் மிச்சம். அதை வெட்டி எடுத்துக் குப்பை வாளியில போட நான் விடுவனோ?

சீழுக்கு மருந்து ஏத்த என்னை வாட்டில கிடத்தினவை. பக்கத்துக் கட்டிலில ஸ்கந்தபுரத்து சரஸ்வதி அக்கா. வயல் செய்யிற ஆள், அவாவுக்கு முதுகு வட்டு விலகினது. சத்தமாய்க் கதைப்பா, டொக்டரையே "தம்பி, சாப்பிட்டனியோ?" எண்டு கேப்பா. என்ர மனிசன் விடிய வந்து என்ர தலையை இழுத்துப் பின்னிவிடுவார். வலை பொத்தின கை, பின்னல் அவிழவே அவிழாது. அக்கா பாத்துப் பாத்துச் சிரிப்பா. "அந்தோனி, மீன் தப்பாது போல கிடக்கு" எண்டுவா.

நான் படுத்தால் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் மடி பாரமாய் இருக்கும். அது நோவோ நினைவோ எண்டு பிரிக்கத் தெரியாது. அக்காவிட்ட ஒருநாள் எல்லாத்தையும் கொட்டினன். அவா புத்தி ஒண்டும் சொல்லேல்லை. "எனக்கு மனம் சரியில்லாட்டி நான் பழைய வீடு பாக்கப் போறனான்" எண்டா.

"பழைய வீடோ? வன்னியில பழைய வீடு எங்க கிடக்கு?"

"அதுதான் விசயம். எங்கட வீடெல்லாம் சண்டைக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில கட்டினது, புதுசு. ஒண்டுக்கும் எங்களைத் தெரியாது. எங்கட குளத்தடியில வெள்ளைக்கார இஞ்சினியர் இருந்த பங்களா ஒண்டு நிக்குது. அதுக்கு எல்லாம் தெரியும். அங்க போய் விறாந்தையில இருந்தால் ஆரோ என்னை விசாரிக்கிற மாதிரி இருக்கும்."

"பேய் இருக்குமக்கா."

"இருக்கட்டும். பழகின பேய்தானே."

துண்டு வெட்டி வீட்டுக்கு விடேக்க டொக்டர் யோசிக்க ஒரு மாதம் தந்தார். குளிசையைத் தந்து ஒண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சலம், மூத்திரம் போறது தெரியாமல் போனால் அண்டைக்கே வாங்கோ. பிறகு வெட்டியும் பிரயோசனம் இல்லை." அப்பிடி ஒரு நாள் வரும் எண்டு எனக்கும் தெரியும், அந்தோனிக்கும் தெரியும். வெட்டுறதைப் பற்றி ஆர் முதல் வாய் திறக்கிறது எண்டதுதான் கேள்வி.

சரஸ்வதி அக்கா விட்டாத்தானே. போன் எடுத்து எடுத்து ஒருநாள் எங்களை அந்தக் குளத்துப் பங்களாவுக்கு வரப்பண்ணிப்போட்டா. ஓட்டோவில போனனாங்கள். குளக்கட்டுக்குக் கீழ, உயரமான அத்திவாரத்தில நிக்குது. சிவப்புச் சீமெந்து நிலம், மூண்டு ஆள் உயரத்தில முகடு, யன்னலெல்லாம் முதிரை மரம். கூரையில ஒரு பக்கம் புதுத் தகரம். தோட்டத்தில ஆரும் நட்டு வளக்காத மாதிரி மா, நாவல், மகிழ், நடுவில வாய்க்கால் தண்ணி. நான் விறாந்தைத் தூணில சாஞ்சு இருந்தன். நிலம் குளிர்ந்தது. உள்ள அறைக்குள்ள ஆரோ நடக்கிற மாதிரிக் கேட்டது, திரும்பிப் பாத்தால் ஒருத்தரும் இல்லை. ஆனா எனக்குப் பயம் வரேல்லை. வீட்டில தனிய இருந்தால் வாற பயம் அங்க வரேல்லை. அந்தச் சுவர் எத்தினை பேர் வந்து போனதைப் பாத்திருக்கும், என்னையும் ஒரு ஆளாய் வைச்சுக் கொண்டது போல இருந்தது. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு.

எழும்பினால் ஒரு சண்டை. நான் நித்திரையில இருக்க, அந்தோனி தோட்டத்தில நிலத்தைப் பாத்துப் பாத்து நடந்திருக்கிறார். இஞ்ச ஆரும் பழைய வளவில குனிஞ்சு நடந்தால் புதைச்ச நகை கிண்ட வந்தவன் எண்டுதான் நினைப்பினம். ஓடேக்க சனம் நகை, தையல் மெசின், கல்யாணப் படம் எல்லாத்தையும் நிலத்துக்குள்ள தாட்டுவிட்டுத்தானே ஓடினது. காவலுக்கு நிண்ட வோச்சர் வந்து, "என்ன தேடுறீங்கள்?" எண்டு அவரை மறிச்சிட்டார். அந்தோனி அப்பவும் நிலத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். எனக்கு உடன விளங்கினது. என்ர மனிசனுக்கு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கண் நிலத்திலதான். பிள்ளையைத் தாட்ட இடத்தைத் தேடித் தேடி அதுவே பழக்கமாய்ப் போச்சு. நான் இவ்வளவு காலமும் அதைக் கவனிக்கேல்லை.

அக்கா வோச்சரை ஒருமாதிரிச் சமாளிச்சா. அவர் ஆறினாப் பிறகு பெரிய மாமரம் ஒண்டைக் காட்டினார். அடிமரத்தில புடைச்சுப்போய் ஒரு வீக்கம். உள்ள செல் துண்டு கிடக்காம், மரம் மூடி வளந்திட்டுதாம். "இந்தப் பக்கத்து மரத்தை மரக்காலைக்காரர் எடுக்கமாட்டினம், அரியேக்க வாள் உடைஞ்சு போம்" எண்டார்.

எனக்கு ஒரு சந்தோசம் வந்தது பாருங்கோ. "கண்டியளோ? மரம் உள்ள வைச்சுக்கொண்டே காய்க்குது" எண்டு மனிசனுக்குச் சொன்னன்.

அவர் மரத்தைத் தடவிக்கொண்டு, "மரத்துக்கு நடக்கத் தேவையில்லை" எண்டார்.

வீட்டுக்கு வருமட்டும் நான் அவரோட கதைக்கேல்லை. ஓட்டோவில இருந்து இறங்கேக்க கால் மடங்கி விழுந்தன். அவர்தான் தூக்கினார்.

பிறகும் நாங்கள் பழைய வீடு பாக்கப் போனனாங்கள். தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு பழைய வீடு, கிணத்தடியில செவ்வரத்தை மட்டும் மிஞ்சினது. வேறொரு இடத்தில பயணக்காரர் தங்கின பழைய வாடிவீடு ஒண்டு, படியும் இரண்டு தூணும்தான். ஒவ்வொண்டிலயும் கொஞ்ச நேரம் இருப்பன். மனம் ஆறும், ஆனா சும்மா ஆறாது, ஆறிக்கொண்டே எங்கையோ இழுக்கும். நனைஞ்ச சுண்ணாம்பு மணம் எல்லா வீட்டிலயும் ஒண்டுதான். அது எந்த வீட்டு மணமெண்டு எனக்குத் தெரியும். கடைசியில நானே வாய் திறந்தன். "குருமனைக்குக் கொண்டு போங்கோ. அவளைக் கேட்டிட்டுத்தான் டொக்டருக்குச் சொல்லுவன்."

குருமனைக்குக் கூரை போட்டிருந்தினம். சுவர் அதே சுவர். காயங்களைச் சாந்து வைச்சுப் பூசியிருந்தினம், பூசின இடம் எல்லாம் வேற நிறம். தோட்டத்தில ஆரோ பிச்சி, செவ்வந்தி, முருங்கை எல்லாம் வைச்சிருந்தினம். இப்ப இருக்கிற சுவாமி இளம் ஆள். நாங்கள் ஆரெண்டு சொன்னவுடன விறாந்தையில ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி தந்திட்டு, எங்களைத் தனிய விட்டிட்டுப் போனார்.

அங்க இருந்து தோட்டத்தைப் பாத்தன். எந்த மரத்துக்குக் கீழயும் அவள் இருந்தாள். முருங்கைக்குக் கீழ பாத்தால் அங்க, மதிலடியில பாத்தால் அங்க, குந்தியிருந்து மண்ணில ஏதோ கீறுறாள். கிட்டப் போனால் இல்லை. நான் அழுதன். வெக்கம் பாராமல் வடிவாய் அழுதன். அந்தோனி பக்கத்தில படியில இருந்தார், அவரும் அழுதார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில அழுதது அதுதான் முதல் தரம். அழுது முடிய அந்தக் கதிரையிலயே நித்திரையாய்ப் போனன். எழும்பேக்க உடுப்பு நனைஞ்சிருந்தது. சலம் போனது எனக்குத் தெரியேல்லை.

அந்தோனி தன்ர சாரத்தை அவிழ்த்து எனக்குச் சுத்திவிட்டிட்டு, காற்சட்டையோட நிண்டார். நான் சொன்னன்: "வெட்டட்டும். ஆனா பீஸ் எனக்கு வேணும். அதை இஞ்ச கொண்டுவந்து அவளோட வைக்கவேணும்."

அங்கயிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள். அடுத்தநாள் விடிய வெட்டினவை. மயக்க மருந்து முகமூடியை வைக்கேக்க டொக்டரின்ர கையைப் பிடிச்சு, "எறிஞ்சு போடாதையுங்கோ ஐயா" எண்டன். "சத்தியமாய் தருவன் அம்மா" எண்டார். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. கண் முழிக்கத் தொண்டை வறண்டு கிடந்தது, முதுகு நெருப்பு. அந்தோனி என்ர பெருவிரலைப் பிடிச்சு, "ஆட்டும் பாப்பம்" எண்டார். ஆட்டினன். அவர் வெளியில ஓடிப்போயிட்டார், விறாந்தையில அவர் மூக்குச் சீறுறது எனக்குக் கேட்டது. சலக் குழாய் கொஞ்ச நாள் கிடந்தது, கழட்டினாப் பிறகு உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பினது. குழந்தைப் பிள்ளை மாதிரி நடக்கப் பழகினன். சரஸ்வதி அக்கா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு வந்து, நான் நடக்கிறதைப் பாத்து, "அன்ன நடைதான்" எண்டு பகிடி விட்டா.

டொக்டர் சொன்ன சொல் காத்தார். சலம் சோதிக்கிற சின்னப் போத்தல் ஒண்டில போட்டுத் தந்தார். தூக்கிப் பாத்தன். புளியங்கொட்டையிலும் சின்னது. கறுத்து, ஒரு பக்கம் கூராய். இவ்வளவு காலமும் அது கையளவு கிடக்கும் எண்டு நினைச்சிருந்தன். அந்தப் போத்தலைத் தலகாணிக்குக் கீழ வைச்சுக்கொண்டுதான் படுத்தனான். மடிப் பாரம் மட்டும் குறையேல்லை.

கார்த்திகை வந்தது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரியும் போத்தலும் கொண்டு குருமனைக்குப் போனனாங்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பொல்லூண்டி நடந்தன். எந்த இடமெண்டு தெரியாததால மதிலடியில, பிச்சிக்குப் பக்கத்தில வைப்பமெண்டு சொன்னன். அந்தோனி குனிஞ்சு மீன் வெட்டுற கத்தியால கிண்டினார். மண் ஈரம், லேசாய்க் கிண்டுப்பட்டது. "தாரும்" எண்டு கையை நீட்டினார்.

நான் போத்தலைத் திறந்தன். பீஸ் உள்ளங்கையில விழுந்தது. குளிர்ந்து கிடந்தது. என்ர உடம்புக்குள்ள இருந்த மட்டும் அது சூடாய்த்தானே இருந்திருக்கும், இப்ப வெளியில எடுக்க அதுக்கெண்டு ஒரு சூடும் இல்லை. அந்தக் கூரான பக்கத்தைப் பாத்தன். இதுதான் அவளின்ர நெஞ்சால போனது. பிள்ளையைச் சாக்காட்டின சாமானைப் பிள்ளைக்குப் பக்கத்தில படுக்க வைக்க வந்து நிக்கிறன். பெத்த தாய்.

"ஏன், என்ன?" எண்டார்.

"மாட்டன்" எண்டன். "இது அவளுக்குக் கிட்ட வரக்கூடாது."

அவர் என்ர முகத்தைப் பாத்தார். பிறகு பீஸை என்ர கையில இருந்து எடுத்துக் காற்சட்டைப் பைக்குள்ள போட்டார். பிறகு அதை என்ன செய்தவர் எண்டு நான் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.

கிண்டின குழிக்குள்ள மெழுகுதிரியை நட்டம். மழைக்கு நூந்து நூந்து போச்சு. அவர் குடையைப் பிடிக்க நான் திரும்பத் திரும்பக் கொளுத்தினன். கடைசியில பத்தினது. மண்ணில கை வைச்சு, "ஜெனி, அம்மா வந்திருக்கிறன்" எண்டன். முன்னம் இடம் தேடியும் கேள்வி கேக்கவும்தான் வந்தனான், இவ்வளவு வருசத்தில அவளிட்டயெண்டு நான் வந்தது அண்டைக்குத்தான்.